குழந்தைகள் இல்லத்துப் பிள்ளைகளுக்கு டேப்லெட் வாங்கித் தந்தால் இணையவழியில் படிப்பார்களா?

டேப்லெட் விலையை விசாரிக்கும் முன், செவ்வாயும் வெள்ளியும் மாலை ஆறரைக்கு பிள்ளைகள் பக்கத்தில் உங்களில் யார் தவறாமல் வந்து உட்காருவார்கள் என்று விசாரித்துவிடுங்கள். நண்பர்கள் நான்கைந்து பேர் பணம் போட்டு, மதுரைக்குப் பக்கத்து இல்லம் ஒன்றுக்கு நான்கு டேப்லெட் வாங்கித் தரப்போவதாகச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியன். மேலூர்ப் பக்கம் ஓர் இல்லத்தில் இருந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பதினோரு பேருக்கு, மத்திய அரசின் கல்வி உதவித்தொகைக்கான என்.எம்.எம்.எஸ். தேர்வுக்காக வீட்டிலிருந்தே வீடியோ அழைப்பில் பாடம் நடத்தினேன். தேறினால் ஒன்பதாம் வகுப்பு முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். அந்தப் பிள்ளைகளுக்கு அது சின்னத் தொகை இல்லை.

வார்டனின் போனைச் சொம்பில் சாய்த்து வைத்திருப்பார்கள். "புரிந்ததா?" என்பேன். "புரிந்தது சார்" என்று பதினோரு குரலும் சேர்ந்து வரும். ஒரு மாதம் அந்தக் குரலை நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் நோட்டைக் காமிராவில் காட்டச் சொன்னேன். அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டி 2/5 என்று ஒன்பது நோட்டில் இருந்தது. கூட்டிய பிறகு அரையைவிடக் குறைந்துவிட்டது! பிள்ளைகளைக் குற்றம் சொல்ல முடியாது. மூன்று பள்ளி மாறி வந்தவன் எந்தப் பள்ளியில் பின்னத்தைத் தவறவிட்டான் என்று யார் கண்டது?

நிலைமையை மாற்றியவர் அங்கே சமையல் செய்யும் அம்மாள். ஏழாம் வகுப்போடு நின்றவர். வெங்காயம் உரித்தபடியே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சார் கேட்கிறார், நீ இன்னும் எழுதவில்லையே" என்பார், அவ்வளவுதான். நோட்டு நிறையத் தொடங்கியது.

உடனே "கிழவருக்குத் தொழில்நுட்பம் பிடிக்காது" என்று கிளம்பிவிடாதீர்கள். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பாடத்துக்குப் பஞ்சமில்லை, பக்கத்தில் ஆள்தான் இல்லை. எல்லா இல்லமும் இப்படித்தான் என்றும் நான் சொல்லவில்லை.

இன்னொன்று. டேப்லெட் கொடுக்கும்போது பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்து முகநூலில் போடாதீர்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74 அவர்களின் படத்தையும் அடையாளத்தையும் வெளியிடத் தடை விதிக்கிறது. நான் பார்த்த ஒரு விழாவில் பேச்சும் பொன்னாடையும் இரண்டு மணி நேரம் ஓடின. கொடுத்த கருவியோ சிம் இல்லாமல் பீரோவுக்குள் போனது. விழா என்றாலே எனக்கு எரிச்சல் வருகிறது. 31 ஆண்டுகள் வேலை பார்த்த பள்ளியில் ஓய்வு நாளன்று எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பேட்டரி போட்டேன், ஓடவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது?

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இணையவழிப் படிப்பால் பயன் உண்டு என்று எனக்குக் காட்டியவன் அந்தப் பதினோரு பேரில் ஒரு பையன். தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது இல்லத்துப் பிள்ளைகள் யாரிடம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழு அவனை உசிலம்பட்டிப் பக்கம் இருக்கும் அம்மாவிடம் அனுப்பியது. அனுப்பியது நல்லதுதான். ஆனால் பள்ளி மாறியது, ஆசிரியர்கள் மாறினார்கள், இல்லத்து போனும் இல்லை. நோட்டின் பின்அட்டையில் என் எண்ணை எழுதி வைத்திருந்திருக்கிறான். மூன்றாம் வாரம் அம்மாவின் போனிலிருந்து அழைத்தான், பாடம் தொடர்ந்தது. ஆகவே வாங்குவதென்றால், பிள்ளை இல்லத்தை விட்டுப் போகும்போது கருவியும் கூடவே போகலாமா என்று இல்லத்தாரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

அவன் தேறினானா என்று கேட்பீர்கள். தேறவில்லை. இப்போது பத்தாம் வகுப்பு. நேற்று இரவு ஒன்பது மணிக்கு, அம்மா வேலை முடிந்து வந்த பிறகு அழைத்தான். கூட்டுத்தொடர் வரிசையில் ஒரு கணக்கு. போனில் சார்ஜ் இல்லாமல் பாதியில் நின்றுவிட்டது. மீதியை இன்று போட வேண்டும்.