பத்து நாள் வராத செய்தி

வணக்கம் சார்,

ஓசூர் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். டிரெய்னியாகச் சேர்ந்து, புரொடக்‌ஷனில் பதினான்கு வருடம் இருந்து, போன வருடம் பிளான்ட் ஹெட் ஆனேன். லைனில் இருந்தவரை எல்லாரும் என்னிடம் எல்லாவற்றையும் சொல்வார்கள். இப்போது காலை மீட்டிங்கில் நான் வந்து உட்கார்ந்தால் "எல்லாம் ஓகே சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

போன மாதம் வாடிக்கையாளரிடமிருந்து ஒரு லாட் சரக்கு முழுதும் திரும்பி வந்தது. துளை அளவில் பிழை. விசாரித்தால், ஷிப்ட் சூப்பர்வைசருக்கும் குவாலிட்டிக்கும் பத்து நாளாகவே சந்தேகம் இருந்திருக்கிறது. என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஆத்திரத்தில் எல்லார் முன்னாலும் சூப்பர்வைசரைத் திட்டிவிட்டேன்.

எம்.டி. கூப்பிட்டு, "உங்க லீடர்ஷிப் ஸ்கில்ஸை வளர்த்துக்கணும்" என்று சொல்லி, பெங்களூரில் ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்புகிறார். ஆங்கிலத்தை மெருகேற்று, நடை உடையை மாற்று, அதட்டிப் பேசக் கற்றுக்கொள் என்கிறார்கள் நண்பர்கள். நான் இயல்பிலேயே அதிகம் பேசாதவன். எதை வளர்த்துக்கொள்வது என்றே தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ம., ஓசூர்

*

அன்புள்ள ம.,

துளை அளவு தப்பிப்போவது எந்தத் தொழிற்சாலையிலும் நடக்கும். டூல் தேயும், ஃபிக்ஸ்சர் அசையும். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்தப் பத்து நாள். இரண்டு பேருக்குத் தெரிந்த விஷயம் பத்து நாளாக உங்கள் காதுக்கு வரவில்லை. கெட்ட செய்தியைப் பயமில்லாமல், உடனே வந்து சொல்லக்கூடிய ஆளாக நீங்கள் மாற வேண்டும். இப்போதைக்கு நீங்கள் வளர்த்துக்கொள்ள வேண்டியது இது ஒன்றுதான் என்பேன். ஆங்கிலமும் நடை உடையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் துறையிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2022 வரை மறைமலை நகரில் கார் செய்த அதே ஃபோர்டு. 2006 செப்டம்பரில் அந்தக் கம்பெனிக்குத் தலைவராக வந்தவர் ஆலன் முலாலி. போயிங்கில் விமானம் கட்டிய பொறியாளர், கார் தொழிலுக்குப் புதியவர். அந்த வருடம் ஃபோர்டின் நஷ்டம் 1,200 கோடி டாலருக்கு மேல். முலாலி வாரம்தோறும் வியாழக்கிழமை மூத்த அதிகாரிகளை உட்கார வைத்து, அவரவர் பிரிவின் நிலவரத்தை நிறத்தில் காட்டச் சொன்னார். சரியாகப் போனால் பச்சை, இழுபறி என்றால் மஞ்சள், சிக்கல் என்றால் சிவப்பு. வாரக்கணக்கில் எல்லாமே பச்சையாக வந்தது. உங்கள் "எல்லாம் ஓகே சார்" மாதிரியேதான். இவ்வளவு கோடி நஷ்டத்தில் ஓடும் கம்பெனியில் சரியில்லாத விஷயம் ஒன்றுகூடவா இல்லை என்று அவர் கேட்க வேண்டியிருந்தது.

பிறகு ஒரு கூட்டத்தில் மார்க் ஃபீல்ட்ஸ் என்ற அதிகாரி சிவப்பைக் காட்டினார். கனடாவின் ஓக்வில் ஆலையில் எட்ஜ் என்ற புது மாடலில் கோளாறு, அறிமுகத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன் என்றார். அறையே அடங்கிப்போனது. இவர் கதை முடிந்தது என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். முலாலி கைதட்டினார். இவருக்கு யாரால் உதவ முடியும் என்று அடுத்ததாகக் கேட்டார். சக அதிகாரிகள் இருந்த இடத்திலிருந்தே உதவிக்கு முன்வந்தார்கள்.

இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் கைதட்டலோடு நிறுத்திவிடுகிறார்கள். மற்றவர்களின் அட்டவணைகள் அன்றே நிறம் மாறிவிடவில்லை. அடுத்த கூட்டத்திலும் ஃபீல்ட்ஸ் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்த பிறகுதான் மஞ்சளும் சிவப்பும் வரத் தொடங்கின. (2014-இல் முலாலிக்குப் பிறகு தலைவரானவர் அந்த ஃபீல்ட்ஸ்தான்.) முதலில் வாயைத் திறந்தவனுக்கு என்ன நடக்கிறது என்று மொத்த ஆலையும் கவனிக்கும். உங்கள் ஆலையில் எல்லாரும் கடைசியாகப் பார்த்தது, சூப்பர்வைசர் திட்டு வாங்கியதை. எல்லார் முன்னாலும் திட்டியதை எல்லார் முன்னாலும்தான் சரிசெய்ய வேண்டும். தனியாகக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தால் போதாது. காலை மீட்டிங்கிலேயே, "அன்னைக்கு நான் பேசினது தப்பு. சந்தேகம் வந்த அன்னைக்கே என்கிட்ட சொல்ல எது தடையா இருந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்" என்று கேளுங்கள். கேட்டபின் குறுக்கே பேசாமல் இருங்கள். அதிகம் பேசாத உங்கள் சுபாவம் இந்த இடத்தில் பெரிய பலம்.

செய்தி உங்களிடம் வந்தால் மட்டும் போதாது, உங்களைத் தாண்டி மேலேயும் போக வேண்டும். 1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்கலத்தை மேலே தள்ளும் பூஸ்டர் ராக்கெட்டுகளைச் செய்த மார்ட்டன் தியோகால் கம்பெனியின் பொறியாளர்கள், மறுநாள் குளிர் அதிகமாக இருக்கும், இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையங்கள் சரியாக மூடாமல் போகலாம், ஏவ வேண்டாம் என்றார்கள். நாசா தரப்பு அதை ஏற்கத் தயங்கியது. கம்பெனி அதிகாரிகள் தனியே கலந்து பேசினார்கள். அப்போது பொறியியல் பிரிவின் தலைவரான ராபர்ட் லண்டைப் பார்த்து அவருடைய மேலதிகாரி சொன்னது இது: பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போட்டுக்கொள். லண்ட் சம்மதித்தார். மறுநாள் காலை கிளம்பிய 73-ஆவது நொடியில் விண்கலம் சிதறியது, ஏழு பேர் இறந்தார்கள். லண்டும் உங்களைப் போலப் பொறியாளராக இருந்து மேலே வந்தவர். கீழே இருந்தவர்கள் தைரியமாகச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னதைப் பிடித்து நிற்க வேண்டிய இடத்தில் இருந்தவர் இவர். மாதக் கடைசியில் டிஸ்பேட்சுக்கு எம்.டி. அவசரப்படுத்தும்போது நீங்கள் இருப்பதும் கிட்டத்தட்ட அதே இடம்தான். அந்த நேரத்தில் அந்தப் பொறியாளர் தொப்பியை நீங்கள் கழற்றவே கூடாது.

நடைமுறைக்கு வருவோம். மீட்டிங்கில் "ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்று கேட்காதீர்கள், "இல்லை" என்பதுதான் அதற்குச் சுலபமான பதில். நேற்று எந்த மெஷின் அதிகம் படுத்தியது, எந்தப் பாகத்தின் அளவு அனுமதித்த எல்லைக்குப் பக்கத்தில் ஓடுகிறது என்று கேளுங்கள். பதில் வந்ததும் "யார்?" என்று ஆரம்பிக்காமல், "உனக்கு என்ன வேணும்?" என்று கேளுங்கள். டொயோட்டாவில் கோளாறைப் பார்த்த எந்தத் தொழிலாளியும் உதவிக்கு அழைக்கும் கயிற்றை இழுக்கலாம், டீம் லீடர் உடனே ஓடி வருவார். உங்கள் லைனிலும் அப்படிக் கோளாறை அறிவிக்கும் 'ஆண்டான்' விளக்கு இருக்கும். அதைக் கடைசியாக யார், எப்போது போட்டார்கள் என்று பாருங்கள். ஒரு மாதமாக எரியவே இல்லை என்றால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒன்றை எம்.டி.யிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்கள் இதைச் சரியாகச் செய்தால் முதல் சில மாதங்களில் பதிவாகும் பிழைகளின் எண்ணிக்கை கூடும். ஹார்வர்டின் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கிய வார்டுகளில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே இருந்தவர்கள் தவறை வெளியே சொல்லப் பயப்படவில்லை என்பதே காரணம் என்று பிறகு புரிந்தது. இதை முன்பே சொல்லி வைக்காவிட்டால், உங்கள் எண்களைப் பார்த்து எம்.டி. இன்னொரு பயிற்சிக்கு அனுப்பிவிடுவார்.

அதற்காக எல்லாவற்றையும் மன்னிக்கச் சொல்லவில்லை. தவறு நடந்தது வேறு, கேட்டும் மறைத்தது வேறு. வழியைத் திறந்து வைத்த பிறகும் ஒருவர் அளவைத் திருத்தி எழுதினால் கண்டிப்பாக நடவடிக்கை எடுங்கள்.

ஆங்கிலம் பற்றி: வாடிக்கையாளரிடம் பேச வேண்டும், கற்றுக்கொள்ளுங்கள். அதற்கு முன் கொஞ்சம் இந்தி கற்றுக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. ஓசூர் ஆலைகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் எத்தனை பேர் கான்ட்ராக்டில் நிற்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். மெஷின் சத்தம் மாறுவதை முதலில் கேட்பவர்கள் அவர்கள். அதை யாரிடம், எந்த மொழியில் சொல்வார்கள்?

பயிற்சிக்குப் போய்வாருங்கள். அந்த ஒரு வாரமும் காலை மீட்டிங்கை நடத்தும் பொறுப்பை அந்தச் சூப்பர்வைசருக்குக் கொடுங்கள். தினமும் போன் போட்டு விசாரிக்காதீர்கள். விபத்து, வாடிக்கையாளர் லைன் நிற்கும் நிலைமை, அளவு தவறிய சரக்கு வெளியே போய்விட்ட சந்தேகம், இந்த மூன்றுக்கு மட்டும் எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடு என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

அன்புடன்