மஜ்ஜை செல் ஊசி: ஓய்வுபெற்ற இருதய வார்டு தாதியிடம் பினாங்கு வாசகர்கள் கேட்டவை

பிறையிலிருந்து ஒருவர்: அக்கா, பழைய மாரடைப்பு, ஈஎஃப் (ஒவ்வொரு துடிப்பிலும் இருதயம் வெளியேற்றும் இரத்தத்தின் சதவீதம்) 30தான். இடுப்பெலும்பு மஜ்ஜையை எடுத்து இருதயத்தில் செலுத்தினால் செத்த தசை மீண்டும் முளைக்குமாமே?

முளைக்காது ஐயா. 2001இல் எலிகளில் செய்த ஒரு சோதனை கிளப்பிய ஆசை அது. 2004இல் வேறு இரு குழுக்கள் செய்து பார்த்தபோது மஜ்ஜை செல்கள் இருதயத் தசையாக மாறவே இல்லை. பிறகு வாதம் மாறியது: செல்கள் சுரக்கும் பொருள்கள் சிறு இரத்தக்குழாய்களை வளர்க்கும் என்றார்கள். எனக்கும் அதில் நம்பிக்கை இருந்தது. 2012இல் அமெரிக்காவில் உங்களைப் போன்ற 92 பேரில் சிலருக்கு 10 கோடி செல்களும் மற்றவர்களுக்குச் செல்கள் இல்லாத வெற்று ஊசியும் போட்டார்கள். இருதயத்தின் அளவு, உடற்பயிற்சித் திறன், இருதயத் தசைக்கு இரத்தம் போதாமை என முன்கூட்டியே குறித்துவைத்த எந்த முக்கிய அளவீட்டிலும் ஆறு மாதத்தில் வேறுபாடு தெரியவில்லை.

ஜெலுத்தோங் வாசகி: மருத்துவச் சோதனைகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2016 தொகுப்பாய்வில் மரணம் குறைந்ததாக இருக்கிறதே?

இருக்கிறது. 38 சோதனைகள், 1,907 பேர். வகுத்துப் பாருங்கள், ஒரு சோதனைக்குச் சராசரியாக ஐம்பது பேர்தான்! சான்றின் தரம் குறைவு என்று அந்த ஆய்வே சொல்கிறது. கிளினிக் விளம்பரத்தில் அந்த வரியை மட்டும் காணோம்.

ஆயர் ஈத்தாம் இளைஞர்: லுக்கிமியா என்ற இரத்தப் புற்றுநோய்க்குச் செய்யும் மஜ்ஜை மாற்றும் இதுதானே?

இல்லை தம்பி. அங்கே மஜ்ஜை தன் சொந்த வேலையான இரத்த உற்பத்தியைச் செய்கிறது. அது நிலைபெற்ற சிகிச்சை.

பட்டர்வொர்த் அம்மா: ஒரு கிளினிக்கில் "ஆராய்ச்சி" என்கிறார்கள், பணமும் கேட்கிறார்கள். கணவரின் இபிஎஃப் (ஓய்வுக்காலச் சேமநிதி) பணத்தை எடுக்கலாமா?

எடுக்காதீர்கள் அம்மா. உண்மையான ஆராய்ச்சியில் சோதிக்கப்படும் சிகிச்சைக்கு நோயாளியிடம் பொதுவாகப் பணம் வாங்குவதில்லை. மூன்று கேள்விகள் கேளுங்கள்: தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டு எண் என்ன? நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம் எங்கே? சிக்கல் வந்தால் யார் பொறுப்பு? முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். இரத்தக்குழாய் அடைப்புக்கு பைபாஸ் அறுவை சிகிச்சை பலன் தருமா என்று உங்கள் இருதய மருத்துவர் சொன்னாரா? முதலில் அதைக் கேளுங்கள்.

பாயான் லெப்பாஸ் வாசகர்: மாத்திரைகளால் இனி என்ன ஆகப்போகிறது?

நிறைய ஆகும். நீரிழிவுக்கு வந்த டாபாகிளிஃபுளோசின், நீரிழிவு இல்லாத இருதயப் பலவீனக்காரர்களையும் காப்பாற்றுகிறது என்று 2019இல் 4,744 பேரிடம் நிரூபித்தார்கள். உங்கள் மருந்துச் சீட்டில் அது இல்லையென்றால், உங்களுக்குப் பொருந்துமா என்று அடுத்த முறை மருத்துவரைக் கேளுங்கள்.

அதே வாசகர்: மஜ்ஜை எடுப்பது வலிக்குமா?

மரத்துப்போகும் ஊசி போட்டாலும் உறிஞ்சும் நொடியில் சுள்ளென்று இழுக்கும். சில நாள் இடுப்பு வலிக்கும்.