முன்பணப் பத்திரத்தை வைத்து வழக்குப் போடலாமா?

கேள்வி: சாயல்குடிப் பக்கம் கடலோரக் கிராமத்தில் பனையோலைப் பெட்டி முடைந்து விற்கிறேன். காது கேளாத 22 வயதுப் பெண்ணுக்குக் குருத்தோலை கிழிப்பது முதல் சாயம் ஏற்றுவது வரை கற்றுக்கொடுத்து, அவள் தந்தைக்கு 40,000 ரூபாய் முன்பணமும் தந்தேன். இப்போது அவள் கீழக்கரை வியாபாரி ஒருவருக்கு முடைகிறாள். மகளாகப் பார்த்தவள் செய்த துரோகத்துக்குச் சட்டத்தில் வழியில்லையா?

பதில்: நன்றி மறப்பதற்குத் தண்டனை தரும் பிரிவு எதுவும் இல்லை. எனவே உங்கள் மனவருத்தத்தை ஒதுக்கிவிட்டு, நீங்கள் அனுப்பியுள்ள பத்திர நகலுக்கு வருகிறேன். அதில் தந்தையின் கையெழுத்து மட்டுமே இருக்கிறது. காது கேளாதவர் என்பதால் ஒருவரின் சட்டத் தகுதி குறைவதில்லை என்பதை மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 13-ஆம் பிரிவு தெளிவாக்குகிறது. வயது வந்த மகளை அந்தக் கையெழுத்து கட்டுப்படுத்தாது.

வழக்கு தோற்பதோடு முடிந்தால் பரவாயில்லை. "முன்பணம் கழியும்வரை என் மகள் வேறு யாருக்கும் பெட்டி முடையமாட்டாள்" என்ற வரிதான் உங்களுக்கு ஆபத்து. வாங்கிய முன்பணத்துக்காகக் கடனாளியோ அவர் குடும்பத்தவரோ வேறு வேலைக்குப் போகும் உரிமையை இழப்பதையும், கொத்தடிமைத் தொழிலாளர் முறை (ஒழிப்புச்) சட்டம், 1976 கொத்தடிமை முறை என்றே வரையறுக்கிறது. அடித்தோ அடைத்தோ வைத்திருக்க வேண்டும் என்பதில்லை. இது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பும் 15-ஆம் பிரிவின்படி கடன் கொடுத்தவருடையது. பணத்தை மீட்கப் போய், தாமே நோட்டீசுடன் இணைத்த பத்திரத்துக்காக வருவாய்க் கோட்டாட்சியரின் விசாரணையில் கைகட்டி நின்ற கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களும் நல்லெண்ணத்தில்தான் கொடுத்ததாகச் சொன்னார்கள். அத்தகைய கடன் தானாகவே ரத்தாகிவிடும் என்பதால், தந்தை மனமுவந்து திருப்பித் தந்தாலும் அதை வாங்குவது மூன்றாண்டுவரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பலருக்கு இது தெரிவதில்லை.

ஆகவே நோட்டீஸ் அனுப்பாதீர்கள். ஊர்ப் பெரியவர்களை வைத்தும் பணம் கேட்காதீர்கள். 40,000 ரூபாய் போனது போனதுதான். பத்திரம் ரத்து, பாக்கி எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டு அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிடுங்கள். அவரது கைவேலை உங்களுக்கு இன்னும் தேவையென்றால், பெட்டிக்கு இவ்வளவு கூலி என்று பேசி, சைகைமொழி தெரிந்தவர் மூலம் விளக்கி, அவரிடமே கையெழுத்து வாங்கிப் பணத்தை அவரது வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். கீழக்கரைக்காரரைவிடக் கூடுதலாகக் கொடுக்க முடியாவிட்டால், அந்தப் பேச்சையும் தொடங்க வேண்டாம்.