குளத்துத் தண்ணீரை மட்டும் வைத்து அதில் எந்த உயிரினம் வாழ்கிறது என்று சொல்லிவிட முடியுமா? நம்பலாமா?

சொல்லலாம். நம்பவும் செய்யலாம், தண்ணீர் எடுப்பவர் பொறுமைசாலியாக இருந்தால். இங்கிலாந்தில் குடியிருக்கும் நான் இரண்டு வருடமாக இந்த வேலைக்குத் தன்னார்வலராகப் போகிறேன்.

தண்ணீரில் வாழும் உயிரினம் தோல், சளி, கழிவு என்று எதையாவது உதிர்த்துக்கொண்டே இருக்கும். அதிலுள்ள டிஎன்ஏ சில நாட்கள், சில சமயம் ஓரிரு வாரம்கூடச் சிதையாமல் தண்ணீரில் கிடக்கும். பிரான்சில் வெளியிலிருந்து வந்து பரவிய அமெரிக்கக் காளைத் தவளையைக் குட்டைத் தண்ணீரை வைத்தே கண்டறிந்த ஆய்வு 2008இல் வெளிவந்தது.

நாங்கள் தேடுவது கொண்டை நியூட்டை. பார்க்கப் பல்லி மாதிரி இருக்கும், ஆனால் தவளைக்குத்தான் நெருங்கிய சொந்தம். ஆரஞ்சு வயிற்றில் கறுப்புத் திட்டுகள். சட்டப் பாதுகாப்பு உள்ள இனம் என்பதால், பக்கத்தில் வீடு கட்டுவதென்றால்கூடக் குளத்தில் அது இருக்கிறதா என்று பெரும்பாலும் பார்க்க வேண்டியிருக்கும். முன்பெல்லாம் ராத்திரியில் டார்ச் அடித்தும் பாட்டில் பொறி வைத்தும் பலமுறை அலைவார்கள். 2014 முதல் தண்ணீர்ச் சோதனையையும் ஏற்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 30க்குள் எடுத்ததாக இருக்க வேண்டும்.

குளத்தைச் சுற்றி 20 இடங்களில் சின்னக் கரண்டியால் 30 மில்லி வீதம் மொண்டு ஒரே பையில் சேர்ப்போம். அடிச்சேறு கலங்கவே கூடாது, அதில் பழைய டிஎன்ஏ தங்கியிருக்கும். தண்ணீருக்குள் கால் வைக்கவும் கூடாது. போன வாரம் மிதித்த குளத்தின் டிஎன்ஏ பூட்ஸோடு வந்துவிடும். பையை நன்றாகக் குலுக்கி, புதுக் கையுறை மாட்டி, எத்தனால் என்ற ஆல்கஹால் இருக்கும் ஆறு குப்பிகளில் 15 மில்லி வீதம் ஊற்றுவோம். ஆய்வகத்தில் 12 முறை சோதிப்பார்கள். ஒன்றில் தெரிந்தாலும் இருக்கிறது என்றே கணக்கு.

பிரிட்டனில் இதைப் பரிசோதித்தபோது, நியூட் இருந்த குளங்களில் நிபுணர்கள் எடுத்த தண்ணீர் 99.3% சரியாகச் சொன்னது. தன்னார்வலர்கள் எடுத்ததில் 91.2%. அந்த வித்தியாசத்தை நினைத்துத்தான் நான் ஒவ்வொரு கரண்டியையும் நிதானமாக மொள்கிறேன்.

எத்தனை இருக்கின்றன, குஞ்சா பெரிதா என்பதையெல்லாம் இந்தச் சோதனை சொல்லாது. ஓடும் ஆறென்றால் டிஎன்ஏ மேலிருந்து அடித்து வந்ததாகவும் இருக்கலாம். நம் ஊர்க் கண்மாயில் செய்வதானால் வெயிலும் சூடும் டிஎன்ஏவைச் சீக்கிரம் சிதைத்துவிடும். அப்புறம், ஒப்பிட்டுப் பார்க்க அந்த இனத்தின் டிஎன்ஏ பதிவும் முன்பே வேண்டும்.

இருக்கிறது என்று முடிவு வந்த ஒரு குளத்துக்கு, நியூட்டைத் தேட உரிமம் உள்ள ஒருவரோடு மறுபடி போனேன். கரையோரப் புல்லின் இலை ஒன்று தண்ணீருக்குள் பீடா மாதிரி மடிந்திருந்தது. பெண் நியூட் ஒவ்வொரு முட்டையாக இட்டு, இலையை இப்படி மடித்து மூடிவிடும். அவர் அதைப் பிரிக்காமல் எனக்குக் காட்டினார். அங்கே இனப்பெருக்கம் நடக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.