கங்கையில் பாய்மரப் படகு: மும்பைக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

வாராணசியிலிருந்து கொல்கத்தாப் பக்கம் வரை சொந்தப் பாய்மரப் படகில் போவது எப்படி என்று நம் ஊர்த் தமிழர்கள் கேட்டவற்றில் திரும்பத் திரும்ப வந்தவை இவை.

செம்பூர் வாசகர்: சார், மும்பைத் துறைமுகத்தில் வாராவாரம் படகு ஓட்டுகிறோம். ஆற்றுக்கென்று புதிதாக என்ன கற்க வேண்டும்?

தரை தட்டினால் என்ன செய்வது என்பதை. இங்கே பெரிய ஓதத்தின்போது, அதாவது கடல் ஏற்றவற்றத்தின்போது, தண்ணீர் நாலைந்து மீட்டர் ஏறி இறங்கும். சேற்றில் உட்கார்ந்துவிட்டால் டீ போட்டுக் குடித்துக்கொண்டு காத்திருப்போம், அடுத்த ஓதம் தூக்கிவிடும். கங்கையில் அந்தக் கதை நடக்காது. மழைக்காலம் முடிந்த பிறகு அங்கே தண்ணீர் நாளுக்கு நாள் வடிந்துகொண்டே போகும். மாலையில் மணல்திட்டில் ஏறிய படகைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், காலையில் இன்னும் கெட்டியாக உட்கார்ந்திருக்கும். தட்டிய உடனே பாயை இறக்குங்கள். மூங்கில் கழியால் சுற்றிலும் ஆழம் பாருங்கள். லைஃப் ஜாக்கெட்டும் இடுப்பில் கயிறுமாக ஒருவர் இறங்கி, சின்ன நங்கூரத்தைச் சுமந்துபோய் ஆழமான பக்கம் போடட்டும். மற்றவர்கள் எல்லோரும் ஒரே ஓரத்தில் உட்கார்ந்து படகைச் சாய்த்துக்கொண்டு கயிற்றை இழுங்கள். இதைக் கிளம்பும் முன் இங்கேயே பழகிப் பாருங்கள்.

மாட்டுங்கா வாசகி: எந்த மாதம் போகலாம் அண்ணா? எத்தனை நாள் லீவு போடணும்?

நவம்பர் முதல் வாரம் வாராணசியில் இறங்குங்கள். வாராணசி முதல் கொல்கத்தாவுக்குக் கீழே உள்ள ஹால்டியா துறைமுகம் வரை நீர்வழி 1,390 கி.மீ. நாளைக்கு 35 கி.மீ. வைத்தால் 40 நாள். கொல்கத்தாவுக்கு மேலேயே முடித்தால் சில நாள் குறையும். காற்றில்லாத நாள், சந்தைக்குப் போகும் நாள் என்று ஒரு வாரம் கூடுதலாக வையுங்கள். குளிர்காலத்தில் மேற்கிலிருந்து மெல்லிய காற்று வரும், ஆறும் கிழக்கே போகிறது. மேற்கு வங்கத்து ஃபரக்கா அணைக்குப் பிறகு ஆறு தெற்கே திரும்பும்போது வாடைக்காற்று முதுகில் தள்ளும். டிசம்பர் பாதிக்கு மேல் மூடுபனி வந்துவிட்டால் எதிரே வரும் பெரிய சரக்குப் படகுகூடத் தெரியாது, ஆகவே தாமதிக்காதீர்கள். மார்ச், ஏப்ரலில் வங்காளத்துக் கால்பைசாகி புயல்காற்றில் மாட்டுவது அதைவிட மோசம். ஒரு விஷயம்: தீபாவளிக்கு ஆறாம் நாள், பீகார் மக்கள் ஆற்றங்கரையில் கூடிக் கொண்டாடும் சத் பூஜை. அன்று பீகாரின் எந்தப் படித்துறையிலும் படகை ஒதுக்க நினைக்காதீர்கள்.

தாராவி இளைஞர்: அண்ணே, எங்க படகு 24 அடி, அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் அடிக்கட்டை நிலையானது, தண்ணீருக்குள் ஒன்றரை மீட்டர் இறங்கும். போதுமா?

தம்பி, அதை விட்டுவிடுங்கள். வாராணசி முதல் ஹால்டியா வரை ஆற்றுக்குள் கலங்கள் ஓடும் தடத்துக்கு இரண்டு மீட்டருக்கு மேல் ஆழம் வைப்பதுதான் அரசின் இலக்கு. ஆனால் அந்தத் தடம் மணலோடு சேர்ந்து இடம் மாறும், பாயில் போகிறவர் அதற்குள்ளேயே நிற்கவும் முடியாது. அடிக்கட்டையை மேலே தூக்கக்கூடிய, 60 செ.மீ. தண்ணீரில் மிதக்கும் படகு தேடுங்கள். கதவுக்கு இருப்பதுபோல் அடியில் கீல் வைத்து, இரண்டு பேர் பத்து நிமிடத்தில் சாய்க்கக்கூடிய பாய்மரம் வேண்டும். பாலங்கள் ஒருபுறம், ஆற்றைக் கடக்கும் உயர் அழுத்த மின்கம்பிகள் ஒருபுறம். அலுமினியப் பாய்மரத்தோடு அந்தக் கம்பிகளுக்குப் பக்கத்தில்கூடப் போகாதீர்கள், சந்தேகம் வந்தால் சாய்த்துவிடுங்கள். தண்ணீர் குறைந்த மாதங்களில் பீப்பாய்கள் மேல் மிதக்கும் பாலங்கள் குறுக்கே வரும். காவலாளிகளிடம் பேசித்தான் வழி திறக்க வேண்டும், அரை நாள் போகும். படகின் பின்புறம் மாட்டும் சின்ன அவுட்போர்டு மோட்டார் கட்டாயம்.

முலுண்டு வாசகர்: ஃபரக்கா அணையைத் தாண்டுவது எப்படி?

தாண்டக் கூடாது, திரும்ப வேண்டும். அணைக்குக் கீழே பிரதான ஆறு வங்கதேசத்துக்குள் போய்விடும். நாம் வலது கரையோரமாக வந்து, மதகுகளின் இழுப்புக்கு வெகுமுன்பே பாயை இறக்கி மோட்டாரில், படகுகளுக்கான லாக் (நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகை விடும் கதவுத் தொட்டி) வழியாக 38 கி.மீ. நீள ஊட்டுக் கால்வாயில் நுழைய வேண்டும். அது, கொல்கத்தாப் பக்கம் ஹூக்ளி என்று பெயர் மாறும் பாகீரதியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். லாக் திறக்கும் நேரத்தை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள், கேமராவை உள்ளே வையுங்கள்.

சயான் வாசகி: கைபம்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாமா? குழந்தையும் வருகிறாள்.

வேண்டாம் அம்மா. பக்ஸர், போஜ்பூர், பாட்னா, பாகல்பூர் மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருக்கிறது. கொதித்தால் கிருமி சாகும், ஆர்சனிக் போகாது. ஆவியாகப் போன தண்ணீரின் பங்கும் மிச்சத்தில் சேர்ந்து கெட்டியாகும். ஊர்களில் 20 லிட்டர் கேன்களை வாங்கி ஏற்றுங்கள். குழந்தைக்குச் சுல்தான்கஞ்ச் முதல் கஹல்காவ் வரை டால்பின் சரணாலயம் காத்திருக்கிறது. அங்கே மோட்டாரை அணைத்துப் பாயில் மட்டும் போங்கள். கண் தெரியாத பிராணி அது, ஒலியை வைத்தே வழி பார்க்கிறது.

செம்பூர் வாசகர் மறுபடி: இரவில் எங்கே நிற்பது?

செங்குத்தான மண்கரையில் கட்டாதீர்கள். அடியில் தண்ணீர் அரித்திருக்கும், லாரி லாரியாக மண் சரிந்து விழும். மால்டா, முர்ஷிதாபாத் பக்கம் ஊர்களே அப்படிப் போயிருக்கின்றன. மணல்திட்டின் கீழ்முனையில், மீன் வலைக் கழிகள் இல்லாத இடமாகப் பார்த்து நங்கூரம் போடுங்கள். மேலே வெள்ளை விளக்கு எரியட்டும், சரக்குப் படகுகள் இரவிலும் வரலாம்.

டோம்பிவிலி வாசகர்: காகிதங்கள்? முடிவில் படகை எங்கே ஏற்றுவது?

மோட்டார் இருப்பதால் 2021ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவு தேவையா, எந்த வகையில் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாநிலத்தில் பதிந்தது மற்ற மாநிலங்களிலும் செல்லும். நொய்டாவில் தலைமையகம் உள்ள உள்நாட்டு நீர்வழி ஆணையம் வெளியிடும் ஆற்று வரைபடங்களையும் ஆழ அறிவிப்புகளையும் கையில் வையுங்கள். நவத்வீப்புக்குக் கீழே கடல் ஓதம் தொடங்கிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஹூக்ளியில் நீர்ச்சுவர் ஏறி வருவதுண்டு, அந்த நேரத்தில் கரையோரம் நிற்கக் கூடாது. ஹௌராப் பாலம் வரை போக ஆசைப்படாமல் சந்தன்நகர் அல்லது பாரக்பூரில் முடித்துவிடலாம். லாரிக்கும் கிரேனுக்கும் ஃபரக்கா தாண்டியதுமே போன் போட்டுவிடுங்கள்.