பூஞ்சை தரும் பெப்டைட் மருந்தாகுமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பென்சிலினே பூஞ்சையிலிருந்து வந்ததுதானே? இந்தப் பெப்டைட்களில் புதிதாக என்ன இருக்கிறது?

புரதத்தின் கட்டுமானப் பொருளான அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோத்ததுதான் பெப்டைட். பென்சிலின் மூன்று அமினோ அமிலங்களைக் கோத்துப் பூஞ்சை செய்யும் சின்ன மூலக்கூறு. இப்போது பேசப்படுபவை அதைவிடப் பெரியவை. கிருமிகளை எதிர்க்கும் டிஃபென்சின் என்ற வகைப் பெப்டைட்கள் நம் தோலிலும் குடலிலும், பூச்சிகளிலும் செடிகளிலும்கூட உண்டு. பூஞ்சையிலும் உண்டு என்று காட்டியது, 2005இல் 'நேச்சர்' இதழில் வந்த டென்மார்க்கின் நோவோசைம்ஸ் நிறுவன ஆய்வு. ஊசியிலைக் காட்டுத் தரையில் மட்கும் குப்பையில் முளைக்கும் சூடோபிளெக்டேனியா நைக்ரெல்லா என்ற கறுப்புக் கிண்ணக் காளானில் அது கிடைத்தது. பெயர் பிளெக்டாசின். 40 அமினோ அமிலங்கள், அவற்றை இறுக்கிப் பிடிக்க மூன்று டைசல்ஃபைடு (கந்தக) பிணைப்புகள். நிமோனியா தரும் நியூமோகாக்கஸ் பாக்டீரியாவின் தொற்று உண்டாக்கப்பட்ட எலிகளைப் பென்சிலின், வான்கோமைசின் ஆகிய ஆன்டிபயாடிக்குகளின் அளவுக்கே அது குணப்படுத்தியது.

இவை பாக்டீரியாவின் சவ்வில் ஓட்டை போட்டுக் கொல்கின்றனவாமே? அப்படியானால் நம் செல்களுக்கு ஆபத்து இல்லையா?

நல்ல கேள்வி. டிரைக்கோடெர்மா பூஞ்சையின் அலமெத்திசின் என்ற பெப்டைட் அப்படித்தான் ஓட்டை போடும். ஆனால் நம் சிவப்பணுக்களையும் அது உடைத்துவிடும் என்பதால் உடலுக்குள் செலுத்த முடியாது.

பிளெக்டாசினின் வழி வேறு. பாக்டீரியா தன் செல் சுவரைக் கட்டப் பயன்படுத்தும் செங்கல் லிப்பிட்-2 என்ற மூலக்கூறு. பிளெக்டாசின் அதையே பிடித்துக்கொள்கிறது. சுவர் எழும்பாமல் பாக்டீரியா சாகிறது. 2010இல் 'சயின்ஸ்' இதழில் இது வெளியானது. பல பிளெக்டாசின் மூலக்கூறுகள் சவ்வின் மேல் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலைபோலப் படர்ந்து லிப்பிட்-2ஐச் சிக்கவைக்கின்றன என்று 2024இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகக் குழு காட்டியது. நம் செல்களுக்குச் செல் சுவரும் இல்லை, லிப்பிட்-2ம் இல்லை. என்னை மிகவும் ஈர்ப்பது இதுதான்.

வான்கோமைசினும் லிப்பிட்-2ஐத்தான் பிடிக்கிறது, ஆனால் வேறு முனையில். அந்த முனையை மாற்றிக்கொண்டு வான்கோமைசினிடமிருந்து தப்பும் பாக்டீரியா உண்டு. பிளெக்டாசின் பிடிக்கும் பைரோபாஸ்பேட் முனையை மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை. அதற்காக எதிர்ப்பே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்பா ஐசியூவில் இருக்கிறார். எந்த ஆன்டிபயாடிக்கும் கேட்காத கிளெப்சியெல்லா என்கிறார்கள். இது உதவுமா?

உதவாது. இதைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது. கிளெப்சியெல்லா, ஈ.கோலை, அசினெட்டோபாக்டர் எல்லாம் கிராம்-நெகட்டிவ் வகை. அவற்றுக்கு வெளியே இன்னொரு சவ்வு இருப்பதால் பிளெக்டாசின் லிப்பிட்-2ஐ எட்டவே முடியாது. நம் ஐசியூக்களில் பெரும் தலைவலியே இந்த வகைதான். பிளெக்டாசினோ ஸ்டாஃபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற கிராம்-பாசிட்டிவ் கிருமிகளுக்கானது. எந்த மருந்து இன்னும் கேட்கும் என்பதைக் கல்ச்சர் சென்சிடிவிட்டி ரிப்போர்ட்டை (கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனை முடிவை) வைத்துச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் கேளுங்கள். தொற்றுநோய் நிபுணர் ஒருவரின் கருத்தையும் கேட்க முடியுமா என்று விசாரியுங்கள்.

காளான் நிறையச் சாப்பிட்டால் இந்தச் சத்து கிடைக்குமா?

கிடைக்காது. இவ்வளவு பெரிய பெப்டைட் குடலிலிருந்து ரத்தத்துக்கு மருந்தாகும் அளவில் போய்ச் சேராது. கடைக் காளானைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், உணவாக. காட்டுக் காளானை மருந்தென்று பறித்துச் சாப்பிடவே கூடாது. டெத் கேப் என்ற காளானின் அமானிட்டின் நஞ்சும் எட்டு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைட்தான். வேகவைத்தாலும் அழியாது, செரிமானத்திலும் அழியாது, கல்லீரலைச் சிதைத்துவிடும்.

20 வருடமாகியும் ஏன் மருந்துக்கடைக்கு வரவில்லை?

தயாரிப்பு பெரிய தடையாக இல்லை. சோயா சாஸ் செய்ய உதவும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே பூஞ்சையிலேயே பிளெக்டாசினை ஏராளமாக உற்பத்தி செய்ய முடிந்தது. அதை மேம்படுத்திய என்இசட்-2114 என்ற வடிவத்தின் உரிமையை 2008இல் சனோஃபி-அவென்டிஸ் வாங்கியது. ஆனாலும் மருந்தாகி வெளியே வரவில்லை.

பெரிய முட்டுக்கட்டை பணம் என்பது என் கருத்து. புது ஆன்டிபயாடிக்கைப் பத்திரமாக ஒதுக்கிவைத்துக் குறைவாகப் பயன்படுத்துவதே சரியான மருத்துவம்; விற்பவருக்கோ அதில் நஷ்டம். பிளாசோமைசின் என்ற புது ஆன்டிபயாடிக்குக்கு 2018இல் அமெரிக்க அனுமதி பெற்ற அகாவோஜென் நிறுவனம் அடுத்த வருடமே திவாலானது. பிரிட்டன் 2022இல் வேறு வழி எடுத்தது: இரண்டு ஆன்டிபயாடிக்குகளுக்கு, எவ்வளவு விற்றாலும் சரி, வருடச் சந்தாபோல நிலையான தொகை கொடுக்கத் தொடங்கியது. இந்தியாவும் அப்படிப் பணம் போட வேண்டும் என்பேன். கிராம்-நெகட்டிவ் கிருமிகளுக்கு மருந்து தேடுபவர்களுக்கு அது முதலில் போகட்டும்.