கணக்கு வழக்கு: கடல் தாண்டிப் போகிறவர்களின் வங்கிக் கேள்விகள்

கே: என் மகனுக்குச் சிங்கப்பூரில் எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் பணியாளருக்கான அனுமதி) வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் புறப்படுகிறான். காரைக்குடி வங்கியில் அவன் பெயரில் சேமிப்புக் கணக்கும் பத்து லட்ச ரூபாய்க்கு எஃப்டியும் இருக்கின்றன. “அது பாட்டுக்குக் கிடக்கட்டும், யார் கேட்கப் போகிறார்கள்?” என்கிறார் என் தம்பி. அப்படி விடலாமா?
– வாசகி, தேவகோட்டை

ப: விடாதீர்கள். வேலைக்கென்று நாட்டை விட்டுப் போனவர், ஃபெமா என்னும் அந்நியச் செலாவணிச் சட்டத்தின் பார்வையில், போனதிலிருந்தே வெளிநாட்டில் வசிப்பவர். அவர் பெயரில் சாதாரண சேமிப்புக் கணக்கு இருக்கக் கூடாது. அதை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாட்டில் வசிப்பவர் தம் உள்நாட்டு வருமானத்துக்கு வைக்கும் கணக்கு) மாற்ற வேண்டும். எஃப்டியும் கூடவே மாறும். புதுக் கணக்கு எண் வேண்டுமா, பழைய எண்ணே தொடருமா என்பது வங்கிக்கு வங்கி வேறுபடும். எண் மாறினால் இன்சூரன்ஸ் தவணை, மியூச்சுவல் ஃபண்டுக்கான எஸ்ஐபி, சீட்டுப் பணம் என்று அந்தக் கணக்கில் கட்டிவைத்த தானியங்கிப் பிடித்தங்கள் எல்லாம் திரும்பி வந்து, ஒவ்வொன்றுக்கும் அபராதமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் விழும். முதலில் அந்தப் பட்டியலை எழுதி வையுங்கள்.

புறப்படும் முன்பே மகனை நேரில் அழைத்துப் போய் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுவது நல்லது. பாஸ்போர்ட், வேலை அனுமதிக் கடிதம், பான், புகைப்படம், வெளிநாட்டு முகவரிச் சான்று கேட்பார்கள். முகவரி அங்கே போய்த்தான் கிடைக்கும் என்றால் அதை மட்டும் பின்னால் அனுப்பச் சம்மதிப்பார்களா என்று கேளுங்கள். அங்கிருந்து விண்ணப்பித்தால் நகல்களுக்கு இந்தியத் தூதரகத்தின் அல்லது நோட்டரியின் சான்றொப்பம் வேண்டியிருக்கும். விண்ணப்பம் திரும்பி வர அடிக்கடி காரணமாவது கையெழுத்து: கல்லூரிக் காலத்தில் வங்கியில் தமிழில் போட்டது ஒன்று, பாஸ்போர்ட்டில் ஆங்கிலத்தில் போட்டது இன்னொன்று. முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஓடிபி வரும் கைபேசி எண்ணுக்கு ரோமிங் போட்டு உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

என்ஆர்ஓ மட்டும் போதாது. அங்கே சம்பாதிப்பதை அனுப்ப என்ஆர்இ கணக்கு ஒன்றும் திறந்துகொள்ளட்டும். வெளிநாட்டுச் சம்பளம் என்ஆர்இயில். வாடகை, பழைய எஃப்டி வட்டி, நிலக் குத்தகை போன்ற உள்ளூர் வருமானம் என்ஆர்ஓவில். என்ஆர்இ வட்டிக்கு இங்கே வரி கிடையாது. பணத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துப் போகலாம். ஆனால் என்ஆர்இ எஃப்டியை ஓராண்டுக்குள் உடைத்தால் வட்டி ஒரு பைசா தேறாது. என்ஆர்ஓ பணத்தை வெளியே கொண்டுபோக, வரி கட்டியதற்கான பட்டயக் கணக்காளர் சான்று முதலான தாள்களோடு, நிதியாண்டுக்குப் பத்து லட்சம் டாலர் என்ற வரம்பு உண்டு.

இப்போது பத்து லட்சத்துக்கு வருவோம். 7 சதவீதம் என்றால் ஆண்டு வட்டி 70,000. என்ஆர்ஓ ஆனதும் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீத வரி, அதன் மேல் 4 சதவீத செஸ், ஆக 31.2 சதவீதம் பிடிப்பார்கள்: 21,840 ரூபாய். ‘வரி பிடிக்க வேண்டாம்’ என்று உறுதிமொழிப் படிவம் கொடுத்துத் தப்பிக்க வெளிநாட்டில் இருப்பவருக்கு வழியில்லை. பதறவும் வேண்டாம். இந்தியாவில் வேறு வருமானம் இல்லையென்றால் புதிய வருமான வரி முறையில் நான்கு லட்சம் வரை வரியே இல்லை. ஐடிஆர் 2 என்னும் வருமான வரிக் கணக்குப் படிவத்தைத் தாக்கல் செய்தால் பிடித்தது முழுதும் திரும்பி வரும். வெளிநாட்டில் இருப்பவர் ஐடிஆர் 1 போடக் கூடாது. இங்கே வரம்பைத் தாண்டிய வருமானம் உள்ளவர் மட்டும் சிங்கப்பூரின் வரி வசிப்புச் சான்றை வாங்கி வங்கியில் கொடுத்து, இரட்டை வரி ஒப்பந்தப்படி வட்டிக்கு 15 சதவீதமாகக் குறைத்துக்கொள்வது பயன்.

வருமான வரிக்கு வசிப்புக் கணக்கு வேறு. வேலைக்குப் போகிற ஆண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால்தான் அந்த ஆண்டுக்கு வெளிநாட்டில் வசிப்பவர். செப்டம்பர் 28ஆம் தேதிக்குள் விமானம் ஏறினால் தேறும். அதே நிதியாண்டில் பொங்கலுக்கோ முன்னோரை வழிபடும் வீட்டுப் படைப்புக்கோ வந்து தங்கும் நாட்களும் இதில் சேரும். தேறவில்லையென்றால் சிங்கப்பூர்ச் சம்பளத்தையும் இங்கே காட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம்.

பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) இருந்தால் முதிர்வு வரை கட்டலாம்; நீட்டிக்க முடியாது.

கே: சிங்கப்பூரில் சம்பளத்தில் வரியே பிடிக்கவில்லை என்கிறான் தம்பி. வரி இல்லாத ஊரா?
– வாசகர், புதுவயல்

ப: வரி உண்டு, மாதாமாதம் பிடிக்க மாட்டார்கள். போன ஆண்டின் சம்பளத்துக்கு அடுத்த ஆண்டு ஏப்ரல் 18ஆம் தேதிக்குள் இணையத்தில் கணக்குக் காட்டி, பிறகு வரும் பில்லை மொத்தமாகவோ, ஜைரோ (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் ஏற்பாடு) மூலம் 12 தவணையாகவோ கட்ட வேண்டும். மாதம் 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்குகிறவருக்கு ஆண்டு 48,000; உழைப்பு வருமானக் கழிவு 1,000 போக வரி சுமார் 1,040 வெள்ளி. மாதம் நூறு வெள்ளியைத் தனியாக ஒதுக்கிவைத்தால் போதும். ஒதுக்காமல் எல்லாவற்றையும் ஊருக்கு அனுப்பியவர்தான் பில் வந்ததும் கடன் கேட்டு அலைவார்.

ஓர் ஆண்டில் 183 நாளுக்குக் குறைவாக இருந்தால் வெளியார் கணக்கில் 15 சதவீதம், அல்லது வசிப்பவர் விகிதம், எது கூடுதலோ அது. செப்டம்பரில் சேர்ந்தவர் அஞ்ச வேண்டாம்: வேலை இரண்டு ஆண்டுகளில் தொடர்ந்து நீண்டு மொத்தம் 183 நாள் ஆனால் இரண்டு ஆண்டுக்கும் வசிப்பவராகவே எடுத்துக்கொள்வார்கள். இடையில் வேலையை விட்டுத் திரும்பினால்தான் சிக்கல். முதலாளி ஒரு மாதம் முன்பே வரித் துறைக்கு ஐஆர் 21 என்னும் விலகல் படிவம் அனுப்பி, வரி முடிவாகும் வரை கடைசிச் சம்பளத்தை நிறுத்திவைப்பார். அந்தப் பணத்தை நம்பி டிக்கெட் போடக் கூடாது.

அங்குள்ள வங்கிகளில் குறைந்தபட்ச இருப்பு இறங்கினால் மாதம் இரண்டு முதல் ஐந்து வெள்ளி வரை போகும். திறந்த ஆறு மாதத்துக்குள் மூடினால் பல வங்கிகள் தனிக் கட்டணம் கேட்கும்.

கே: துபாயிலிருந்து கணவர் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புகிறார். மொத்தமாக அனுப்பினால் மிச்சமாகுமா?
– வாசகி, கோட்டையூர்

ப: மிச்சமாகும். திர்ஹாமாக வந்து இங்கே வங்கி ரூபாயாக மாற்றும்போது ஜிஎஸ்டிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு லட்சம் வரை தொகையில் ஒரு சதவீதத்தை (குறைந்தது 250 ரூபாயை) வங்கியின் சேவை மதிப்பாக வைத்து, அதில் 18 சதவீதம். அதன் மேல் பத்து லட்சம் வரை 1,000 ரூபாயும், லட்சத்துக்கு மேற்பட்ட தொகையில் அரை சதவீதமும் சேவை மதிப்பு. ஒரே தடவையில் ஐந்து லட்சம் வந்தால் ஜிஎஸ்டி 540. லட்சம் லட்சமாக ஐந்து தடவை வந்தால் 900. அனுப்பும் கட்டணமும் தடவைக்குத் தடவை விழும். இதையெல்லாம்விடப் பெரிய ஓட்டை மாற்று விகிதம். “கட்டணம் இல்லை” என்று பலகை வைத்த இடத்திலும் விகிதத்தில் எடுத்துவிடுவார்கள். ஆகவே கையில் எத்தனை ரூபாய் சேரும் என்பதை மட்டும் கேட்டு ஒப்பிடச் சொல்லுங்கள். மனைவிக்கு வரும் இந்தப் பணத்துக்கு வருமான வரி இல்லை.

கே: பங்காளிகளுக்குப் பொதுவான வளவு வீட்டைத் தங்கும் விடுதிக்கு விட்டிருக்கிறோம். பங்காளிகளில் என் மகன் மலேசியாவில். அவன் பங்கு மாதம் 15,000. அவனுக்கு மட்டும் 31.2 சதவீதம் பிடிக்கவேண்டும் என்கிறார் விடுதிக்காரரின் ஆடிட்டர். என் அண்ணன் பங்கில் ஒன்றும் பிடிப்பதில்லை. இது என்ன நியாயம்?
– வாசகர், கானாடுகாத்தான்

ப: நியாயமோ இல்லையோ, ஆடிட்டர் சொல்வதுதான் சட்டம். உள்நாட்டில் இருப்பவருக்கு மாதம் 50,000 வாடகை வரை பிடித்தம் இல்லை. வெளிநாட்டில் இருப்பவருக்கு அப்படி வரம்பே கிடையாது. பிடிக்காமல் விட்டால் பொறுப்பு விடுதிக்காரர் தலையில்.

உங்கள் மகனின் ஆண்டுப் பங்கு 1,80,000. பிடித்தம் 56,160. இதில் 30 சதவீதம் பராமரிப்புக் கழிவு போனால் வரிக்குரியது 1,26,000தான். வேறு வருமானம் இல்லையென்றால் வரி பூஜ்யம். தாக்கல் செய்து முழுதும் திரும்பப் பெறலாம், அல்லது ஆண்டுத் தொடக்கத்திலேயே வருமான வரித் துறையிடம் குறைந்த பிடித்தச் சான்று வாங்கி விடுதிக்காரரிடம் கொடுக்கலாம்.

அதற்கு முன் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பங்காளிக்கும் பங்கு எவ்வளவு, எந்தக் கணக்கில் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறதா? பெரும்பாலும் மூத்தவர் கணக்கில் மொத்த வாடகையும் விழும். அவர் படைப்பு அன்று எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பார். காகிதத்தில் அது அவருடைய வருமானம், வரியும் அவருக்கே. பங்கை எழுதி, மகன் பங்கை மகனின் என்ஆர்ஓ கணக்குக்கே அனுப்பச் செய்யுங்கள். விடுதிக்காரர் டான் எண் (வரி பிடிப்பவருக்கான எண்) வாங்கி, மகனின் பான் எண்ணில் பிடித்த பணத்தைக் கட்டிச் சான்று தர வேண்டும். பான் எண் செயலிழந்திருந்தால் பணம் திரும்பி வராது. ஆதார் இல்லாத, வெளிநாட்டில் வசிப்பவர் வருமான வரித் துறையில் தம் வசிப்பு நிலையைப் பதிந்துவிட்டால் எண் உயிர்பெறும்.

கே: லண்டனில் இருக்கும் அண்ணன் மகன் எனக்கு இரண்டு லட்சம் அனுப்பினான். வரி உண்டா?
– வாசகர், பள்ளத்தூர்

ப: உண்டு. சித்தப்பா அண்ணன் மகனுக்குக் கொடுத்தால் வரியில்லை. அண்ணன் மகன் சித்தப்பாவுக்குக் கொடுத்தால் 50,000 ரூபாய்க்கு மேல் போனதும் முழுத் தொகையும் உங்கள் வருமானம். சட்டத்தின் உறவுப் பட்டியல் வாங்குபவர் பக்கமிருந்து எண்ணப்படுகிறது. அதில் உடன்பிறந்தாரின் பிள்ளைகள் இல்லை. பையன் தன் தகப்பனாருக்கு அனுப்பி, அவர் தம்பியான உங்களுக்குத் தாமாக விரும்பிக் கொடுத்தால் அந்தக் கேள்வி எழாது. இந்த இரண்டு லட்சம் வந்துவிட்டது என்பதால், இந்த ஆண்டு தாக்கலில் ‘பிற வருமானம்’ என்ற தலைப்பில் காட்டிவிடுங்கள்.